பிடிக்காத முட்டை

மஹல்லா நகரில், நெசவாலைக்குப் பின்புறத் தெருவில், எல்லா வீட்டு மொட்டைமாடியிலும் ஒரு டிஷ் ஆண்டெனாவும் ஒரு கோழிக்கூடும் இருக்கும். ஆண்டெனா ஆண்களின் பொறுப்பு. அதாவது, கீழே உட்கார்ந்து டிவி பார்ப்பது. கோழிக்கூடு பெண்களின் பொறுப்பு. இன்ஷிராஹ் ஏழு மாத வயிற்றோடு மாடி ஏணியில் ஏறுவாள். கூட்டைப் பெருக்கி, தண்ணீர் வைத்து, கோழிகளோடு வளரும் வாத்துகளை, கொழுக்கட்டும் என்று, ஒவ்வொன்றாகத் தொடையில் இடுக்கி, ஊறவைத்த மொச்சையைத் தொண்டைக்குள் தள்ளிவிடுவாள். பிறகு முட்டைகளை அங்கி மடிப்பில் அள்ளிக்கொண்டு இறங்குவாள்.

இறங்குவதற்குள் எந்த முட்டை யாருக்கு என்பது முடிவாகிவிடும். கணவன் அப்துத் தவாபுக்கு, ஆலையில் நாளெல்லாம் நிற்கிறவன் என்பதற்காக. மகன் ஹம்திக்கு, மூளை வளர. மாமியாருக்கு, மூளை ஏற்கெனவே தேவைக்கு மேல் வளர்ந்துவிட்டாலும், மரியாதைக்காக. மிச்சம் கூடையில் சேர்ந்து, மின்சார மீட்டர் மாற்றித் தரவேண்டிய அதிகாரியின் வீட்டுக்குப் போகும். அவருக்குப் பணம் கொடுத்தால் லஞ்சம். வீட்டுக் கோழி முட்டை கொடுத்தால் அன்பு. நெய்யில் பொரித்த முட்டைகள் தட்டுகளுக்குப் போனபின், சட்டியில் ஒட்டிய நெய்யை ரொட்டியால் வழித்துத் தின்று இன்ஷிராஹ் தன் காலை உணவை முடித்துக்கொள்வாள்.

ஒருநாள் ஏணியின் கடைசிப் படியில் அவளுக்குக் கண் இருட்டியது. கீழே நின்ற மாமியார் தாங்கிப் பிடித்தாள்.

"நல்லவேளை, ஒண்ணும் ஆகலை" என்றாள் மாமியார், முட்டைகளை எண்ணிப் பார்த்துவிட்டு.

மருத்துவமனையில் டாக்டர் சுஹைர் கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். "ரத்தம் இப்படியே கம்மியா இருந்தா, பிரசவத்துல உன்னைக் காப்பாத்த என்னால முடியாதும்மா. வீட்டுல கோழி இருக்கா?"

"இருக்கு டாக்டரம்மா."

"அப்ப தினம் முட்டை சாப்பிடு."

இன்ஷிராஹ் தலையாட்டினாள். அவளுக்கு நன்றாக வரும் ஒரே பதில் அதுதான்.

அடுத்த தடவை கணவனோடு வந்தாள். அவன் கையில் ஒரு கூடை முட்டை.

"நம்ம மாடி முட்டை டாக்டரம்மா. கடையில கிடைக்காது. வேண்டாம்னு சொல்லக்கூடாது, வல்லாஹி, ஆண்டவன் மேல ஆணை!"

டாக்டர் மறுபடி இமையை விலக்கினார். அதே வெளுப்பு. "நான் சாப்பிடச் சொன்னது இவளை. என்னை இல்ல."

"அவளுக்கு முட்டையே பிடிக்காதுங்க. கல்யாணமான நாள்லேருந்து தொட்டதில்ல."

டாக்டர் ஆயாவைக் கூப்பிட்டு, தேநீர் அடுப்பில் நான்கு முட்டைகளை அவிக்கச் சொன்னார். உப்பும் சீரகப்பொடியும் தொட்டுக்கொள்ள, தட்டு இன்ஷிராஹ் முன்னால் வந்தது.

"நிஜமாவே பிடிக்கலைன்னா சொல்லிடு. வேற எழுதித் தரேன்."

இன்ஷிராஹ் முட்டையைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "பிடிக்கும்."

அப்துத் தவாபுக்கு முகம் சிவந்தது. வழக்கம்போல அவளை 'ஹம்தியின் அம்மா' என்றே கூப்பிட்டான். "என்ன உம்மு ஹம்தி, டாக்டரம்மா முன்னாடி என் மானத்தை வாங்கறே? பிடிக்காதுன்னு நீதானே சொன்னே?"

"சொன்னேன். கல்யாணமான புதுசுல ஒருநாள் ஒரு முட்டை குறைஞ்சுது. உங்கம்மா என் தட்டைப் பார்த்தாங்க. எனக்குப் பிடிக்காதுன்னேன். எல்லாருக்கும் நிம்மதியாயிடுச்சு. அதுக்கப்புறம் யாரும் கேக்கலை. மாத்திச் சொல்ல எனக்கும் தெம்பில்லை அபூ ஹம்தி."

முதல் முட்டையை உரித்து, உப்புகூடத் தொடாமல் தின்றாள். இரண்டாவதை எடுத்தவள், பழக்கதோஷத்தில் கணவனிடம் நீட்டினாள். அவனும் பழக்கதோஷத்தில் வாங்கிவிட்டான். டாக்டர் அவனைப் பார்த்தார். அவன் அதை உரிக்கத் தொடங்கினான். இதுவரை முட்டை உரித்திராத கை. வெள்ளைக்கருவில் பாதி ஓட்டோடு போயிற்று. மிஞ்சியதை அவள் தட்டில் வைத்தான்.

"பொய் சொன்னது அவதான் டாக்டரம்மா" என்றான், மெதுவாக. "ஆனா அதை நம்புறதுல லாபம் எங்களுக்கு. அதான் நம்பிட்டோம். வீட்டுல ஆக்கிப்போடுறவ 'எனக்குப் பிடிக்காது'ன்னா, பிடிக்கலைன்னு அர்த்தமில்ல, பங்கு பத்தலைன்னு அர்த்தம். இனிமே முதல் தட்டு அவளுக்கு. மிச்சம் இருந்தாத்தான் எங்களுக்கு. எல்லா வீட்டுலயும் அப்படித்தான் இருக்கணும்."

"சரி சரி" என்றாள் இன்ஷிராஹ், வாய் நிறைய முட்டையோடு. "அந்த உப்பை இப்படித் தள்ளுங்க."