பாலிசியில் சேராத வலது கண்

1987 ஜூலையில், சாலைக் கடைவீதி இரும்புச் சாமான் வியாபாரி சிவதாணுவின் வலது கண், மருத்துவ இன்சூரன்ஸ் பாலிசியின் நான்காம் பக்கத்தை அவர் மனைவி லீலாபாய் உரக்க வாசித்துக்கொண்டிருந்தபோது மறைந்தது. கண் இருந்த இடம் நெற்றியைப் போல் மழமழவென்று ஆயிற்று. வலி இல்லை. முன்பு மங்கலாகத் தெரிந்தது இப்போதும் அதே அளவு மங்கலாகத் தெரிந்தது. வாசித்த வரி, முதல் வருஷத்தில் கண்புரைக்குப் பணம் தரப்படாது என்பது. அடுத்த வரி குடலிறக்கம் பற்றியது. சிவதாணு வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மதி, மதி, போதும், படிக்காத" என்றார்.

அவருக்கு அறுபத்தாறு வயது. இடது கண் இளமையிலேயே ஆணி தெறித்துப் போயிருந்ததால் வலது கண் ஒன்றுதான் மீதி. அதில் புரை முற்றியிருந்தது. ஓணத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் பார்வை திரும்பாது என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார். இப்போது அவர் டார்ச் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு அணைத்தார். சொந்தப் பணத்தில் செய்துகொள்கிறோம் என்றாள் லீலாபாய். "பைசா அல்ல பிரச்னை. காணாத கண்ணை ஞான் எங்ஙனே கீறும்?" என்றார் டாக்டர்.

அந்தப் பாலிசி வியாபாரிகள் சங்கம் வயதானவர்களுக்கு எடுத்துக் கொடுத்தது. ஏற்பாடு செய்தவர் ஆரியசாலை ஏஜெண்ட் அழகியநம்பி. அவர் பதறவில்லை. "இதுக்கு மேல ஒரு துணைப் பாலிசி எடுத்தாப் போதும் மயினி. அது விட்டதை இது பிடிக்கும்" என்று ஸ்டாச்சு ஜங்ஷனில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு கம்பெனியின் பாலிசியைக் கொண்டுவந்தார். முழுசும் வாசிக்காமல் கையொப்பம் போடக்கூடாது என்பதில் கண்டிப்பானவர். மூன்றாம் பக்கத்தில் கண் திரும்பி வந்தது. லீலாபாய் மூச்சு விடுவதற்குள் ஐந்தாம் பக்கத்தில் முழங்கால்கள் போயின. வேட்டிக்குக் கீழே பாதங்கள் தனியாக நின்றன. நம்பி தம்பானூர்க் கம்பெனி ஒன்றின் பாலிசியைக் கொண்டுவந்தார். அதில் முழங்கால் வந்தது, கண் போயிற்று, காதுகளும் போயின. இரண்டையும் சேர்த்து எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி கணக்குப் போட்டார். சேர்த்து வாசித்தார்கள். இரண்டின் கடைசிப் பக்கத்திலும், வேறு துணைப் பாலிசி உள்ளவருக்கு இது பொருந்தாது என்று இருந்தது. அந்த வரியோடு சிவதாணு முழுவதுமாக மறைந்தார். நாற்காலியில் சட்டையும் வேட்டியும் மட்டும் உட்கார்ந்திருந்தன.

"காப்பி ஆறிப் போச்சு" என்றது சட்டை.

லீலாபாய் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். மூன்று வாரமாக அடுப்பைக்கூடச் சரியாகக் கவனிக்காமல் வாசித்துக்கொண்டிருந்தாள். "இதையெல்லாம் எழுதினவனுக்கு உடம்புன்னு ஒண்ணு உண்டா, நம்பி?"

"எழுதினது கமிட்டியாக்கும், மயினி."

தம்பானூர்ப் பாலிசியை அவர் கையிலேயே திணித்து வாசல் வரை கொண்டுபோய் விட்டாள். திரும்பி வந்தபோது சிவதாணு நாற்காலியில் இருந்தார், கண்ணோடு, முழங்கால் இல்லாமல். "இன்னும் ஒண்ணு பாப்பமா?" என்று கேட்டார். அவள் முறைத்தாள். "முட்டு போனாப் போட்டும். நடக்கத்தானே செய்யுது" என்று அவரே சொல்லிக்கொண்டார். ஸ்டாச்சுப் பாலிசியில் ஒப்பு போட்டார்கள். இனி யாரும் எந்தப் பக்கத்தையும் திறக்கக்கூடாது என்று லீலாபாய் அதைத் துணியில் சுற்றிக் கட்டினாள். ஓணத்துக்கு முந்தின வாரம் ஆபரேஷன் நடந்தது.

கண் கட்டைப் பிரித்த அன்று சிவதாணு முதலில் ஜன்னலைப் பார்த்தார். பிறகு மனைவியை வெகுநேரம் பார்த்தார்.

"உனக்கு எப்பம் இப்பிடி நரைச்சுது?"

"அஞ்சாம் பக்கம் வாசிக்கும்போ" என்றாள்.

அதன்பின் சங்கத்தில் பலரும் துணைப் பாலிசி எடுத்தார்கள். நம்பி எல்லோருக்கும் முழுசாக வாசித்துக் காட்டினார். 1989 வாக்கில் சாலையில் எதிரே வரும் பெரியவரைப் பார்த்தே கம்பெனியைச் சொல்லிவிடலாம் என்றாகிவிட்டது. முழங்கால் இல்லாதவர் ஸ்டாச்சு, காதில்லாதவர் தம்பானூர். உடம்பு குறையாமல் ஒரு கிழவர் நடந்து வந்தால், பாவம், அவருக்குப் பாலிசி இல்லை என்று வழிவிட்டு நின்றார்கள்.