குணநாச்சியாரின் கால்கள்

சிலை எப்படி வரப்போகிறது என்று காட்டும் படத்தைக் கோபிசங்கர் கைத்தொலைபேசியில் நீட்டியபோது, பரமலிங்கம் வாழைக்குலைக்கு உறை கட்டிக்கொண்டிருந்தார். கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். வலது கையில் விளக்கு, இடது கையில் பூக்கூடை. முகம் பழைய அடையாள அட்டைப் படத்தைப் பார்த்து வரைந்தது. அக்காவின் முகம்தான். கீழே, சேலைக் கரைக்கு வெளியே, கொலுசு போட்ட இரண்டு பாதங்கள் தரையில் ஊன்றியிருந்தன.

“நிக்கிறா,” என்றார்.

“ஓம் மாமா. நிக்கிற கோலம்தான் எடுப்பாயிருக்கும் எண்டு சிற்பியும் சொன்னவர்.”

“அக்கா ஒருநாளும் நிண்டதில்லை.”

கோபிசங்கர் சிரித்தான். “அதுதானே மாமா அற்புதம்.”

கோயில் நிர்வாக சபையின் செயலாளர் அவன். நாற்பத்திரண்டு வயது, பாடசாலை ஒன்றில் கணித ஆசிரியர். முன்வீட்டுப் பிள்ளை என்பதால் பரமலிங்கத்துக்கு இன்னும் ‘அவன்’தான். அம்மன் கோயிலின் தென்மேற்கு மூலையில் குணநாச்சியாருக்குத் தனிக் கோயில் எழும்பிக்கொண்டிருந்தது. கனடாவிலும் சுவிசிலும் இருக்கும் ஊர்ச்சனம் சேர்ந்து கட்டுவிக்கிறது. ஆவணியில் கும்பாபிஷேகம்.

குணநாச்சியாரின் கதை நீர்வேலி ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசியில் சண்டை நெருங்கி ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, சிறுவயதிலேயே இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு கால்களும் சூம்பிப்போன குணலட்சுமி, ‘அம்மாளைத் தனியே விட்டிட்டு வரமாட்டன்’ என்று சொல்லித் தனித்து நின்றாள். எல்லோரும் போன பிறகு அம்மன் அவளுக்குக் கால்களைக் கொடுத்தாள். அவள் எழுந்து நடந்துபோய்க் கோயிலில் விளக்கேற்றினாள். ஆமி வந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுப் போனார்கள். ஆறு மாதம் கழித்துச் சனம் திரும்பி வந்தபோது அவள் கோயில் வாசலில் உயிர் விட்டிருந்தாள். ஆனால் விளக்கு அணையவில்லை.

இந்தக் கதையின் முதல் வரியைச் சொன்னவர் பரமலிங்கம்தான். மற்றதெல்லாம் ஊர் சேர்த்தது.

அக்கா அவரைவிட ஏழு வயது மூத்தவள். கைகளை ஊன்றி, இருந்தபடியே அரக்கி அரக்கி வீடு முழுவதும் போய்வருவாள். கோயிலுக்கு மாலை கட்டிக் கொடுப்பாள். ஆனால் பெரிய பக்தை ஒன்றுமில்லை. வானொலியில் நாடகம் போகும் நேரத்தில் யாராவது பூக் கேட்டு வந்தால், ‘சாமி ஓடாது, நாடகம் ஓடிப்போடும்’ என்று சொல்லி வாசலில் நிறுத்தி வைப்பாள். பரமலிங்கத்தின் மூத்த மகள் பிரசாந்திக்கு அப்போது ஐந்து வயது. பிள்ளைக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரிவிடுவது அக்காதான்.

எல்லோரும் உடனே வெளிக்கிட வேண்டும் என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டு போன அன்று மழை விடவில்லை. வீட்டில் இருந்தது ஒரு சைக்கிள். மனைவியின் கையில் மூன்று மாதக் குழந்தை. பிரசாந்தியை முன்பாரில் இருத்தினார். பின்கரியரில் தண்ணீர் இறைக்கும் மிசினை வைத்து, வடக்கயிற்றால் இறுக்கிக் கட்டினார். மனைவியின் தாலிக்கொடியை விற்று வாங்கிய மிசின். அது போனால் தோட்டம் போயிற்று, தோட்டம் போனால் பிள்ளைகள் என்னத்தைத் தின்பது என்பதுதான் அந்த நேரத்தில் அவருடைய தலைக்குள் ஓடியது.

விறாந்தை விளிம்பில் இருந்து அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பரமு, என்னை எதிலை ஏத்தப் போறாய்?”

“இவையளைப் பாலத்துக்கு அங்காலை விட்டிட்டு விடியத் திரும்பி வாறன் அக்கா. வண்டில் ஒண்டு பிடிச்சுக்கொண்டு வாறன்.”

“மிசினை இறக்கி வைச்சிட்டு என்னைக் கொண்டுபோ, பரமு. நான் பாரமில்லை.”

அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே வந்து வாசல் படலையைச் சாத்தினார்.

நாவற்குழிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் பொழுது விடிந்துவிட்டது. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. அந்தச் சனத்துக்குள் திரும்பி வந்திருக்க முடியாது என்று பின்னாளில் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். ஆனால் இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் ஆட்கள் திரும்பிப் போனது அவருக்குத் தெரியும். ஒருவர் அரிசி மூட்டை கொண்டுவந்தார். இன்னொருவர் ஆட்டைக் கூட்டி வந்தார். ஊர்ப்பக்கம் ஷெல் விழும் சத்தம் பள்ளிக்கூடம் வரைக்கும் கேட்டது. அவருக்குப் பயம். நாளைக்கு, நாளைக்கு என்று இருந்தார். பிறகு பாதை மூடிவிட்டது.

நாலாம் நாள் கோபிசங்கரின் தாய் தண்ணீர் வரிசையில் வைத்துக் கேட்டாள்: “எங்கை தம்பி, குணமக்காவைக் காணேல்லை?”

“அவ வரமாட்டன் எண்டிட்டா அக்கா. அம்மாளைத் தனிய விட்டிட்டு வரமாட்டாவாம்.”

அந்த மனுசி குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினாள். வரிசையில் நின்ற மற்றவர்களும் கண்ணைத் துடைத்தார்கள். யாரும் வேறொன்றும் கேட்கவில்லை.

சித்திரையில் ஊருக்குத் திரும்பியபோது அவருடன் முதலில் உள்ளே வந்தவர் கோபிசங்கரின் தகப்பன். அக்கா கோயிலில் இல்லை, வீட்டிலும் இல்லை. படலையடியில் கிடந்தாள். எலும்பும் சேலைத் துண்டும்தான் மிச்சம். விறாந்தையிலிருந்து முப்பது கெஜ தூரம் அரக்கி வந்திருக்கிறாள். படலையின் கொளுக்கி அவளுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. இருவரும் சாக்கில் பொறுக்கிக்கொண்டுபோய் வளவின் பின்பக்கம் எரித்தார்கள். நெருப்பு அடங்கும்வரை நின்ற அந்த மனிதர் கடைசியில் சொன்னார்: “கோயில் வாசலிலை கண்டெடுத்தனாங்கள் எண்டு சொல்லுவம், பரமு.”

இருபத்தெட்டு வருடம் அப்படியே சொன்னார்கள். கோபிசங்கரின் தகப்பன் செத்துப்போனார். பரமலிங்கத்தின் மனைவியும் போய்விட்டாள். மிசின் துருப்பிடித்து எப்போதோ பழைய இரும்புக்குப் போனது.

சிலையின் படம் வெளியான பிறகு சனம் பெருகியது. கட்டி முடியாத கோயிலுக்கே வெள்ளிக்கிழமைகளில் வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கால் வழங்காதவர்கள், மிதிவெடியில் கால் போனவர்கள், தகரத்தில் வெட்டிய சின்னச் சின்னக் கால்களை நேர்த்திக்குக் கட்டுபவர்கள். ஒரு வெள்ளி, கரவெட்டியிலிருந்து ஓர் இளம் தாய் இடுப்பில் பெண் பிள்ளையோடு பரமலிங்கத்தின் வீடு தேடி வந்தாள். பிள்ளைக்கு ஆறு வயது இருக்கும். கால்கள் துணிபோலத் தொங்கின.

“நீங்கள்தானே ஐயா நாச்சியாரின்ரை தம்பி? பிள்ளையின்ரை காலை ஒருக்காத் தொட்டு விடுங்கோ.”

“பிள்ளையை டொக்டரிட்டைக் காட்டினனீங்களோ?”

“காட்டினது. மாசாமாசம் பயிற்சிக்குக் கொண்டுவரச் சொன்னவை. இப்ப நாலு மாசமாப் போகேல்லை. நாச்சியாரிட்டை நேர்ந்திருக்கு, இனி அவ பாத்துக்கொள்ளுவா.”

அவர் தொடவில்லை. பயிற்சியை விடவேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அன்று பின்னேரமே கோபிசங்கரின் வீட்டுக்குப் போய், ஒன்றும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். மிசின், படலை, கொளுக்கி எல்லாம்.

கோபிசங்கர் அதிர்ச்சியடையவில்லை. எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

“எனக்குத் தெரியும் மாமா. அப்பா சாகேக்கை சொன்னவர்.”

“தெரிஞ்சுகொண்டோ கோயில் கட்டுறாய்?”

“எங்கடை வீட்டிலை ஒரு சித்தப்பா இருந்தவரெல்லோ, படுத்த படுக்கையா? அவரை நாங்கள் எப்பிடிக் கொண்டுபோனது எண்டு நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லையே.”

பரமலிங்கம் சாத்திய கதவைப் பார்த்தார்.

“கொண்டுபோகேல்லை. பக்கத்திலை ஒரு குடம் தண்ணியும் கொஞ்சம் அவலும் வைச்சிட்டுப் போனது. எலும்பும் கிடைக்கேல்லை. இந்த ஒழுங்கையிலை ஏழு வீடு மாமா. மூண்டு வீட்டிலை ஆள் விட்டுட்டுப் போனவை. குணமக்கா விரும்பி நிண்டவ எண்டால் மற்றவையும் விரும்பி நிண்டவைதான். அவ விரும்பி நிக்கேல்லை எண்டால்…” அவன் நிறுத்தினான். “எங்கடை அம்மா இப்பவும் உயிரோடை இருக்கிறா. வெள்ளிக்கு வெள்ளி அங்கைதான் விளக்கு வைக்கிறா. அவவுக்கு நீங்கள் போய்ச் சொல்லுவியளோ?”

“அந்தப் பிள்ளையைப் பயிற்சிக்குக் கொண்டுபோகாமல் வைச்சிருக்கிறாளடா.”

“அதுக்கு நான் அறிவிப்பிலை சொல்லுறன். மருந்தை விடக்கூடாது எண்டு பலகை ஒண்டு எழுதிப் போடுவம். மற்றதை விடுங்கோ.”

அவர் விடவில்லை. கும்பாபிஷேகத்தன்று நாச்சியாரின் தம்பி என்று மாலை போட்டு முதல் மரியாதை செய்து, இரண்டு வார்த்தை பேசச் சொல்லி ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்கள். மண்டபம் நிறைந்த சனம். மேளம் ஓய்ந்திருந்தது. புதிய கருங்கல் சிலை எண்ணெய்ப் பளபளப்போடு அவருக்குப் பின்னால் நின்றது.

“என்ரை அக்கா வரமாட்டன் எண்டு சொல்லேல்லை,” என்று தொடங்கினார். “கொண்டுபோ எண்டுதான் கேட்டவ. நான் பாரமில்லை எண்டு சொன்னவ. நான் மிசினைக் கட்டிக்கொண்டு போனனான். அக்கா படலையடியிலை செத்துக் கிடந்தவ. நான்தான் விட்டிட்டுப் போனனான். நான்தான் பொய் சொன்னனான்.”

உடம்பெல்லாம் உதறியது. முன்வரிசையில் ஒரு பெண் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, “நாச்சியார் வந்திட்டா! தம்பியிலை வந்து கதைக்கிறா!” என்று கத்தினாள். சனம் எழும்பியது. யாரோ மேளக்காரருக்குக் கைகாட்ட, மேளம் முழங்கியது. இரண்டு பேர் அவரைப் பின்னாலிருந்து பிடித்தார்கள். வாய்க்குள்ளும் கண்ணுக்குள்ளும் திருநீறு விழுந்தது.

“எனக்கு உரு வரேல்லை! விடுங்கோ! நான் பரமலிங்கம்!”

அவர் திமிற, அது ஆட்டமாகவே தெரிந்தது. பத்து இருபது கைத்தொலைபேசிகள் அவரைப் படம் பிடித்தன. காலில் விழுந்தவர்களுள் கோபிசங்கரின் தாயும் இருந்தாள். அந்தக் கிழவி நிமிர்ந்து அவருடைய முகத்தைப் பார்த்தாள். ஒரு கணம் அவளுடைய கண்ணில் வேறு ஏதோ தெரிந்தது. உடனே திரும்பவும் நிலத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஒரு மாதத்துக்குள் கதை வளர்ந்துவிட்டது. தம்பி அக்காவைக் கட்டாயப்படுத்தி ஏற்றப் பார்த்தானாம். நாச்சியார்தான், ‘என்னை விடு, மிசினைக் கொண்டுபோ, பிள்ளைகள் பசி கிடக்கக் கூடாது’ என்று தன் கையாலேயே கயிற்றைப் பிடித்துக் கொடுத்தாளாம். படலை வரைக்கும் நடந்துவந்து வழியனுப்பினாளாம். தோட்டக்காரர்கள் புதிதாக வாங்கும் மிசின்களைக் கோயிலுக்குக் கொண்டுவந்து பூசை போடத் தொடங்கினார்கள்.

பிரசாந்தி இப்போது மருத்துவமனை ஒன்றில் தாதி. கணவனும் பிள்ளைகளுமாகத் தகப்பனோடுதான் இருக்கிறாள். ஒரு மத்தியானம் சோறு போட்டுக் கொடுக்கும்போது பரமலிங்கம் அவளிடம் கேட்டார்: “நீயாவது நான் சொன்னதை நம்பிறியோ பிள்ளை?”

“நம்பிறதுக்கு என்ன இருக்கு? நான் முன்பாரிலை இருந்தனான்.”

அவர் சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

“ஒழுங்கை முடக்குத் திரும்புமட்டும் மாமி கூப்பிட்டுக்கொண்டே இருந்தவ. பரமு, பரமு எண்டு. நான் அம்மாவைக் கேட்டன். கோயில் மணி அடிக்குது எண்டு அம்மா சொன்னவ. எனக்கு அஞ்சு வயசு எண்டாலும் மணிக்கும் மாமிக்கும் வித்தியாசம் தெரியும்.”

“ஏன் ஒருநாளும் என்னைக் கேக்கேல்லை?”

“கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பியள்?” அவள் கறிச்சட்டியை மூடினாள். “மிசின் இல்லாட்டி நானும் தம்பியும் செத்திருப்பம் எண்டு சொல்லியிருப்பியள். அதைக் கேட்டால் பிறகு நான் உயிரோடை இருக்கிறதே பாவமாப் போயிருக்கும். அதுதான் கேக்கேல்லை. சாப்பிடுங்கோ.”

அவளும் அவரும் அதைப்பற்றி அதற்குப் பிறகு கதைத்ததில்லை. அவள் குணநாச்சியார் கோயிலுக்குப் போவதுமில்லை. வேலை என்று சொல்லிவிடுவாள். கரவெட்டிப் பெண் திரும்ப வரவில்லை. பிள்ளையைப் பயிற்சிக்குக் கொண்டுபோகிறாளா என்று தெரிந்தவர்கள் மூலம் விசாரித்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. ‘மருத்துவத்தைக் கைவிடாதீர்கள்’ என்று கோபிசங்கர் எழுதிவைத்த பலகைமேல் நேர்த்திக் கால்களைக் கட்டியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் பரமலிங்கம் போகிறார். தொடக்கத்தில் இரண்டு கிழமை போகாமல் பார்த்தார். நாச்சியார் தம்பியைத் தவத்தில் இருத்தியிருக்கிறா என்று வீட்டுக்கே சனம் வந்துவிட்டது. அதைவிடப் போவது மேல். பூசை முடிந்ததும் ஐயர் முதல் திருநீற்றை அவருக்குத்தான் கொடுப்பார். எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர் கையை நீட்டி வாங்கிப் பூசிக்கொள்வார்.