அரை விநாடி

இயந்திரக் கை ஒரு கோப்பையை எடுத்தது. உலோக விரலை மடக்கி, டொக் டொக் என்று இரண்டு முறை தட்டியது. தேறியதாக டிரேயில் வைத்தது.

பேக்கிங் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அண்ணி, உங்களை அப்படியே உரிச்சு வெச்சிருக்கு!" என்றாள் அவர்களில் ஒருத்தியான நாத்தனார்.

அந்தக் கோப்பைத் தொழிற்சாலையில் அண்ணியின் பெயரே டொக்கு அக்காதான். பதினாறு வருடமாகத் தட்டித் தட்டியே சரக்கைத் தேறவைத்தவள். செக்கிங்கில் மிச்சமிருந்ததும் அவள் ஒருத்திதான். ஒயர் வைத்த கையுறையை மாட்டி மூன்று மாதம் வேலை வாங்கினார்கள். அதில் பதிவானதைத்தான் இப்போது இயந்திரம் செய்துகாட்டியது.

"தட்டிட்டு அரை விநாடி சும்மா நின்னீங்கக்கா. டைம் வேஸ்ட். அதை வெட்டிட்டேன்," என்றான் இன்ஜினீயர்.

சும்மா நின்றாளாம்! அந்த அரை விநாடியில்தானே அவள் காது வேலை பார்த்தது. நல்ல கோப்பை கணீரென்னும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் மொத்தென்று அடங்கிவிடும். இந்தக் கைக்குக் காது ஏது?

அவள் வாயைத் திறக்கவில்லை. படட்டும். உடைசல் திரும்பி வந்தால் தன்னைத் தேடித்தானே வந்தாக வேண்டும்!

உடைசல் வந்தது. பெட்டி பெட்டியாக வந்தது. அவளைத்தான் யாரும் தேடவில்லை.

"மெஷின் தப்பு பண்ணாது. பேக்கிங்ல போட்டு உடைக்கிறாங்க," என்றார் மேனேஜர். திரும்பிய பெட்டிகளில் பாதி நாத்தனார் கட்டியவை. வெள்ளிக்கிழமையோடு அவளை நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

கேன்டீனில் நாத்தனார் சாப்பாட்டைத் தொடவில்லை. "சத்தியமா ஒண்ணைக்கூடக் கீழ போடல அண்ணி. அண்ணனே நம்ப மாட்டேங்குறாரு. நீங்களாவது நம்புறீங்களா?"

அண்ணி பிசைந்த சோற்றை அப்படியே வைத்தாள். காதின் ரகசியத்தைச் சொன்னால் தன் வேலைக்கு உலை. சொல்லாவிட்டால் இவள் தெருவில்.

எழுந்தாள். கைகூடக் கழுவாமல் மேனேஜர் அறைக்குள் நுழைந்து, வழியில் தட்டிப் பார்த்து எடுத்த இரண்டு கோப்பைகளை மேஜைமேல் வைத்தாள்.

"கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க சார்."

தட்டினாள். கணீர். அடுத்ததைத் தட்டினாள். மொத்.

மேனேஜர் கண்ணைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த இன்ஜினீயர் துள்ளினான். "அட, இவ்வளவுதானா!"

மிளகு சைஸில் ஒரு மைக் வந்தது. இரண்டு நாள் அதன் முன் உட்கார்ந்து, 'நல்லது', 'கீறல்' என்று தட்டித் தட்டிச் சொன்னாள். மூன்றாம் நாள் இயந்திரக் கை தட்டியது. அரை விநாடி நின்றது. கீறல் கோப்பையை ஒதுக்கித் தள்ளியது.

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை அண்ணிதான் தன் அடையாள அட்டையைக் கம்பெனி கேட்டில் கொடுத்துவிட்டு வந்தாள்.

அடுத்த வாரம் வேலை முடிந்து வந்த நாத்தனார் ஒரு பெட்டியைப் பிரித்தாள். "நம்ம கம்பெனி கப் அண்ணி. எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு செட். இருங்க, டீ போடுறேன்."

அண்ணி ஒரு கோப்பையைக் கையில் எடுத்தாள். விரல் தானாக மடங்கியது.

"விடுங்க அண்ணி. அதெல்லாம் மெஷின் பார்த்தாச்சு."

மடங்கிய விரலை மெல்ல நீட்டிக்கொண்டாள்.

"சரி, ஊத்து," என்றாள்.