ஆர்கெஸ்ட்ரா இறங்கி வந்த சுருதி

ராஜபாளையம் சர்ச்சில் இருக்கும் மிதி ஆர்கன் சுருதியில் ஒரு நூல் இறங்கியிருப்பது, அதை வாசிக்கும் ஜெயபாய்க்குப் பதினெட்டு வருஷமாகத் தெரியும். வேலை பார்க்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் தபால் ஆபீஸில் வாய் ஓயாமல் பேசுகிறவள், இதை மட்டும் மூச்சு விட்டதில்லை. சொன்னால் ஆர்கனை மூலையில் தள்ளிவிட்டுக் கீபோர்டு வாங்கிவிடுவார்கள். அதோடு அவள் வாசிப்பும் முடிந்துவிடும்.

இப்போது வசமாக மாட்டிக்கொண்டாள். சென்னை ஆர்கெஸ்ட்ரா ஒன்று, ஓர் இசைக் கல்லூரி, ஒரு பல்கலைக்கழகம் மூன்றும் கூட்டுச் சேர்ந்து, மேற்கத்திய சாஸ்திரிய இசைக்குப் புது உயிர் கொடுக்கப் புறப்பட்டிருந்தன. ஊர் ஊராகப் போய், அந்தந்த ஊர்ப் பாடகர் குழுவோடு புதிதாக எழுதிய இசையை வாசிப்பது ஏற்பாடு. இந்த ஊருக்கு எழுதியதில் மிதி ஆர்கனுக்கென்றே இரண்டு பக்கம் இருந்தது. ஜெயபாய் இரண்டு மாதம் பழகினாள்.

ஒத்திகையில் அவள் முதல் கட்டையை அழுத்தியதுமே வயலின்காரர்கள் முகம் சுளித்தார்கள். கல்லூரிக்காரர் ஒருவர் கீபோர்டை எடுத்து வைத்தார். ஜெயபாய் எழுந்து ஓரமாகப் போய் நின்றாள்.

கீபோர்டோடு பாடகர் குழு ஆரம்பித்தது. முதல் அடி சரியாக இருந்தது. மூன்றாவது அடியில் முப்பது பேரும் ஒன்றுபோலச் சுருதி இறங்கிவிட்டார்கள். ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் செலினா, பல்கலைக்கழகப் பேராசிரியை, நான்கு தடவை நிறுத்திப் பார்த்தார். நான்கு தடவையும் அதே இடத்தில் வந்து நின்றார்கள்.

"ஏன் எறங்குறீங்க?"

பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கும் ஐயாதுரைக்கு ரோஷம் வந்துவிட்டது. "நாங்க எங்க மேடம் எறங்குனோம்? எப்பவும் பாடுத எடத்துலதான் பாடுதோம். ஒங்க பொட்டிதான் மேல போயி நிக்குது."

"தப்பு எம்மேலதான் மேடம்," என்றாள் ஜெயபாய். "ஆர்கன் எறங்குனது எனக்குத் தெரியும். இவியளும் அதக் கேட்டே பழகிட்டாவ."

செலினா ஆர்கனைப் பார்த்தார், முப்பது பேரையும் பார்த்தார். பிறகு ஆர்கெஸ்ட்ரா பக்கம் திரும்பினார். "நாம எறங்குவோம். அக்கா, வந்து சுருதி குடுங்க."

ஜெயபாய் உட்கார்ந்து ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தாள். காற்று குறையாமல் மிதித்தாள். ஆர்கெஸ்ட்ராவின் நாற்பது பேரும் தந்தியைத் தளர்த்தப் பிருடையைத் திருகினார்கள், குழல்களை இழுத்து நீட்டினார்கள். பெரிய பெரிய இடங்களில் வாசித்த வாத்தியங்கள் எல்லாம் முனகிக்கொண்டே, ஒவ்வொன்றாக அவளை நோக்கி இறங்கி வந்தன. அவளுக்குப் பயமாகவே இருந்தது. இவ்வளவு பெரிய சத்தத்தை அவள் இத்தனை கிட்டத்தில் கேட்டதில்லை.

கடைசி வயலினும் வந்து சேர்ந்தபோது, தன் ஆர்கன் எது, அவர்கள் எது என்று அவளுக்குப் பிரித்துக் கேட்க முடியவில்லை. சந்தேகப்பட்டு விரலை எடுத்துப் பார்த்தாள். சுருதி அப்படியே நின்றது.