காய்ச்சல் விட்ட பிறகு

பகல் பன்னிரண்டு மணிக்கு ஆசுப்பத்திரி வாட்டுக் கதவைத் திறந்தார்கள். கீர்த்தனி கஞ்சிப் போத்தலோடு உள்ளே போனபோது கணவனின் கட்டிலருகே டொக்டர் நின்றார். இளம் பெண். தூங்கி நாளான கண்கள். இராகுலனின் மூக்கில் ஒட்சிசன் குழாய். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே போய் வந்தது.

"இங்க வர முதல் என்ன மருந்து குடிச்சவர்?"

அவனுடைய சட்டைப் பையில் கிடந்த வெறும் குளிசை உறையை நீட்டினாள். சொன்னாள். உப்புவெளிக் கடற்கரையில், கரைவலை இழுப்பவர்கள் தங்கும் வாடியில் ஒரு பால்மாத் தகரம் இருக்கிறது. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி பாக்கியரத்தினம் குளிசை வாங்கி அதில் போட்டு வைப்பார். வலை இழுப்பவர்களில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அதிலிருந்து கொடுப்பார். காய்ச்சல் விட்டதும் மிச்சத்தை அவரவரே திரும்பப் போட்டுவிட வேண்டும், அடுத்தவனுக்கு. மீன் பங்கைப் போல அதிலும் ஒருவரும் கூடுதலாக எடுப்பதில்லை. இராகுலனும் எடுக்கவில்லை. காய்ச்சல் விட்டது, முழுகினான், வலைக்குப் போனான். அடுத்த கிழமை சளியில் இரத்தம் வந்தது.

"சல்பா," என்றார் டொக்டர். "பென்சிலின் வர முதல் நியூமோனியாவுக்கு இதைத்தான் குடுத்தவை. இது கிருமியைப் பெருக விடாமப் பிடிச்சு வைக்கும். கொல்லுறது உடம்பு. உடம்பு அதுக்கு ஆயத்தமாக நாள் எடுக்கும். காய்ச்சல் அதுக்கு முந்தியே விட்டிடும். அந்த நேரம் குளிசையை நிப்பாட்டினா கிருமி திரும்பப் பெருகும்." குரல் உயர்ந்தது. "அந்தக் காலத்திலயே தெரிஞ்ச விசயம். இன்னும் இப்பிடிக் கொண்டு வந்து போடுறீங்க."

கீர்த்தனிக்கு முகம் எரிந்தது. தெரிந்த விசயமாம். யாருக்குத் தெரிந்தது? பெட்டியாகக் குளிசை விற்ற கடைக்காரன் வாய் திறக்கவில்லை. தகரம் நிரப்பிய சம்மாட்டிக்கு ஊரில் நல்ல பெயர். முழுகத் தண்ணீர் வார்த்தது அவள். அன்றைக்குச் சம்மாட்டிக்கு நன்றி சொன்னதும் அவள்தான். அத்தனை காலமாக இருக்கும் ஒரு செய்தி இந்தக் கட்டிலுக்கு மட்டும்தான் வந்து சேருமா?

டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். பாக்கியரத்தினம் இளநீரோடு வந்தார்.

"யோசிக்காத பிள்ளை. முழுகின கையோட மழையில நனைஞ்சிருப்பான்."

"மழை எங்க பெய்தது, அண்ணன்?"

"குளிசையால காய்ச்சல் விட்டதோ இல்லையோ?"

"விட்டது."

"பிறகென்ன? நஸ்ரிக்கும் உதே இருமல், உதே காய்ச்சல். இவன் வச்ச மிச்சத்தைத்தான் குடுத்தனான். ரெண்டே நாள். இண்டைக்கு வலைக் கயித்தில முன்னுக்கு நிக்கிறான்." சிரித்தார். "அவனும் படுத்தா, நானும் உந்த டொக்டரம்மாவும்தான் வலை இழுக்கோணும்."

"நஸ்ரியைக் கூப்பிடுங்க. இப்பவே இங்க வரட்டும்."

"காய்ச்சல் இல்லாதவனுக்கு ஆசுப்பத்திரி என்னத்துக்கு?"

இராகுலன் கையைத் தூக்கினான். "நான்தான்... மிச்சம்..." அதற்கு மேல் மூச்சு வரவில்லை.

கீர்த்தனி சம்மாட்டியின் சட்டைப் பைக்குள் கைவிட்டு போனை எடுத்தாள். அப்படி ஒருவரும் செய்ததில்லை. அவர் இளநீரை ஏந்தியபடி நின்றார்.

நஸ்ரிக்கு அழைத்தாள். நெடுநேரம் மணி அடித்தது. பிறகு காற்று, ஆட்களின் கூச்சல். யாரோ போனை நஸ்ரியின் காதில் வைத்திருக்க வேண்டும்.

"நஸ்ரி, கீர்த்தனி கதைக்கிறன். எல்லாத்தையும் விட்டிட்டு உடன ஆசுப்பத்திரிக்கு வாங்க. காய்ச்சல்தான் போயிருக்கு, கிருமி போகேல்ல."

அவன் இருமினான். அது நிற்க நேரமெடுத்தது.

"எனக்கென்னக்கா? நல்லாத்தான் இரிக்கன். வலை கரைக்குக் கிட்ட வந்துட்டு. இப்ப நான் கயித்த உட்டா ஆரு புடிக்கிற?"