நாலு மடிப்பு ஜீன்ஸும் ஒரு கோட்டும்

எனக்கு யாரையும் லேசில் நம்பத் தெரியாது. என் மனைவி உயிரோடு இருந்தவரை இதைச் சொல்லிச் சொல்லியே அலுத்துப்போனாள். வானிலை அறிக்கையை நம்ப மாட்டேன், மளிகைப் பொட்டலத்தின் மேல் அச்சடித்திருக்கும் எடையை நம்ப மாட்டேன். கைத்துப்பாக்கித் தோட்டா விற்கிறவன் விளம்பரத்தில் காட்டும் படத்தைச் சுத்தமாக நம்ப மாட்டேன். எங்கள் துப்பாக்கிச் சங்கத்தில் சோதனை நாள் என்று ஒன்று வந்ததே என்னுடைய இந்தக் குணத்தால்தான். வேட்டைக் காலம் தொடங்கும் முன் ஒரு சனிக்கிழமை, ஊருக்கு வெளியே சரளை தோண்டிய பழைய குழியில் கூடுவோம். தற்காப்புக்கென்று அவரவர் இடுப்பில் சுமக்கிற தோட்டா எதுவோ, அதை எல்லோர் கண் முன்னாலும், மனுஷச் சதைக்குப் பதிலாக வைக்கிற ஜெலட்டின் கட்டியில் சுட்டுக் காட்ட வேண்டும். நெப்ராஸ்கா மாநிலத்தின் இந்த மூலையில் வாய்ச்சவடாலுக்குப் பஞ்சமில்லை. சோதனை நாளில் மட்டும் அது செல்லாது.

கட்டியைக் காய்ச்சிக் கொண்டுவருவது வெண்டலின் வேலை. நல்ல கனத்த ஆள், என் பழைய சிநேகிதன். வீட்டு அடுப்பில் காய்ச்சி ஊற்றி, குளிர வைத்து, பனிக்கட்டிப் பெட்டியில் பிள்ளையைப் போல் தூக்கி வருவான். முதலில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு சின்னக் குண்டு விட்டு, கட்டி பதமாக இருக்கிறதா என்று பார்ப்போம். பிறகு ஜீன்ஸ் துணியை நாலாக மடித்துக் கட்டிக்கு முன்னால் தொங்கவிடுவோம். ஆட்கள் உடுப்போடுதானே வருவார்கள். குழிமுனைத் தோட்டா சதையில் பட்டதும் பூப்போல் விரிய வேண்டும், அதன் மூக்குக் குழியில் துணி அடைத்துக்கொண்டால் விரியாது. விரியாத தோட்டா முன்னால் இருப்பவனைத் துளைத்துக்கொண்டு பின்னால் நிற்கிற அப்பாவி மீதும் பாயும். அவசரப்பட்டு விரிந்தாலும் வம்புதான், உள்ளே போக வேண்டிய அளவு போகாது. பன்னிரண்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது, பதினெட்டைத் தாண்டக் கூடாது. அதற்குள் நின்று, முழுசாக விரிந்திருந்தால் கை தட்டுவோம்.

அன்று கண்காணிப்பு என் பொறுப்பு. கட்டியைப் பார்க்க ஆட்கள் முன்னால் போகும்போது நான் 'வரிசை மூடியாச்சு' என்பேன். அதற்கப்புறம் இடுப்பில் இருப்பது உட்பட எல்லாத் துப்பாக்கியும் காலியாக மேசைமேல் கிடக்க வேண்டும். நான் 'வரிசை திறந்தாச்சு' என்று சொல்லும்வரை எவனும் தொடக் கூடாது. தொட்டவனுக்கு அன்றோடு சங்கம் கிடையாது. இதில் அண்ணன் தம்பி பார்ப்பதில்லை.

வெண்டல் முதலில் சுட்டான். விலை மலிவு என்று அவன் வாங்கும் உருண்டை மூக்குத் தோட்டா, ஒன்றன் பின் ஒன்றாக வைத்திருந்த இரண்டு கட்டிகளையும் துளைத்துக்கொண்டு மண்மேட்டில் போய் விழுந்தது.

"உன் தோட்டா பக்கத்து மாவட்டத்துக்குப் போயிருச்சுடா. போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வா" என்றேன்.

"சிரிங்கய்யா. என் வீட்டுக்குத் திருடன் வந்தா ரெண்டு பேரா வருவான். ஒரே தோட்டாவுல கணக்கு தீந்துடும்."

என்னுடையது பாதிதான் விரிந்தது. மூக்கில் நீல நூல் அடைத்திருந்தது. ராய்ஸுடையதுதான் வழக்கம்போல ஜெயித்தது. ராய்ஸ் பக்கத்து ஊர்க்காரன், சோதனை நாளில் மட்டும் தலைகாட்டுவான், நன்றாகப் பேசுவான். முழுச் செம்பில் செய்த குழிமுனைத் தோட்டா வைத்திருப்பான். ஈரம் ஏறக் கூடாது என்று அடிப்பக்கத்தில் நகப்பூச்சு தடவியிருப்பான். அதுவும் பளீரென்ற ஊதா நிறத்தில்.

"பொண்டாட்டி பாட்டிலை எடுத்துட்டியா?" என்று வெண்டல் வருஷா வருஷம் கேட்பான்.

"எனக்கேதுய்யா பொண்டாட்டி" என்று ராய்ஸ் வருஷா வருஷம் சிரிப்பான்.

கட்டியைச் சுற்றி நின்று அளந்துகொண்டிருந்தபோதுதான் ஒரு சின்னக் கார் குழிக்குள் இறங்கியது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இறங்கினாள். மெல்லிய கம்பளிச் சட்டைதான் போட்டிருந்தாள், காற்றோ காதை அறுத்தது. கையில் கனமான ஒரு கோட்டைத் தொங்கவிட்டிருந்தாள். பழுப்பு நிறக் கெட்டித் துணி, உள்ளே கம்பளிப் பஞ்சு வைத்துத் தைத்தது, தோள் அகலமான ஆம்பிளைக் கோட்டு. பண்ணை வேலைக்காரர்கள் குளிர் முடியும்வரை கழற்றாத ரகம்.

"என் பேர் நோரீன். யார் வேணா வரலாம்னு கடையில ஒட்டியிருந்துச்சு" என்றாள்.

"வரலாம்மா. என்ன தோட்டா கொண்டாந்தீங்க?"

"அது அப்புறம். ஜீன்ஸுக்குப் பதிலா இந்தக் கோட்டைத் தொங்கவிட்டுச் சுட முடியுமா?"

எனக்கு உள்ளே மணி அடித்தது. "ஏம்மா, எல்லாருக்கும் ஜீன்ஸ்தானே வைக்கிறோம்?"

"நீங்க யாரோ ஒருத்தன் வருவான்னு ஜீன்ஸ் வச்சுப் பாக்கிறீங்க. எனக்கு யாரோ இல்லை. இந்தக் கோட்டு போட்ட ஆளைத்தான் பாக்கணும்."

இத்தனை வருஷமாக முகம் தெரியாத ஒருவனுக்காகத் தோட்டா தேர்ந்தெடுக்கிற கூட்டம் நாங்கள். ஆளின் முகம் தெரிந்து வந்தவளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம். இவள் தற்காப்புக்கு வரவில்லை, ஆளைக் குறிவைத்து வந்திருக்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

ராய்ஸ் ஒரு அடி பின்வாங்கி வெண்டலின் முதுகுக்குப் பின்னால் நின்றான். அவன் வாய் மூடியிருந்து நான் பார்த்ததே இல்லை.

"தெரிஞ்சவங்களா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"பாத்ததே இல்லை."

அவன் சொல்லி வாய் மூடவில்லை, அவன் வண்டியின் திறந்த ஜன்னல் வழியாக அவனுடைய நாய் எகிறிக் குதித்தது. நான் கூப்பிட்டாலும் வராத நாய், வெண்டல் இறைச்சி நீட்டினாலும் உறுமுகிற நாய், நேரே ஓடிப்போய் அந்தப் பெண்ணின் முழங்காலில் தலையைத் தேய்த்தது. அவள் குனிந்து அதன் காதைச் சொறிந்தாள். ராய்ஸ் முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

சரி, விளங்கிவிட்டது என்று நினைத்தேன். இவனுக்கும் அவளுக்கும் ஏதோ இருந்திருக்கிறது, முறிந்திருக்கிறது. கோட்டு இவனுடையது. இவள் தேடிவந்த ஆள் இவன்தான். ராய்ஸ் மீது எனக்குப் பெரிய பிரியம் ஒன்றும் இல்லை. ஆனாலும் என் கண்காணிப்பில் ஒருவன் சாவதற்கு ஒத்திகை நடக்க விடுவேனா?

"பையைக் காட்டும்மா" என்றேன்.

தயங்காமல் திறந்து நீட்டினாள். பணப்பை, சாவிக்கொத்து, காகிதத்தில் சுற்றிய ரொட்டி. அடியில், மெல்லிய தாளில் பொதிந்த ஒற்றைத் தோட்டா. அதன் அடிப்பக்கம் ஊதா.

"துப்பாக்கி எங்கே?"

"எங்கிட்டே துப்பாக்கி இல்லை."

"துப்பாக்கி இல்லாதவங்களுக்கு இங்கே என்னம்மா வேலை?"

"தோட்டா இருக்கே. உங்க துப்பாக்கியில சுடுங்க."

"இது எங்கே கிடைச்சுது?"

"என் சாப்பாட்டு மேசையில."

திருடியிருக்கிறாள் என்று தோன்றியது. வெண்டல் என் காதருகே வந்தான். "ஷெரிப்பைக் கூப்பிட்டுருவோமாய்யா?"

"பொறுடா."

என் கணக்கு வேறு. அந்தக் கோட்டின் உள்பஞ்சு தடியாக இருந்தது. எப்பேர்ப்பட்ட தோட்டாவின் மூக்கையும் அது அடைத்துவிடும் என்று தோன்றியது. இவள் கண் முன்னால் சுட்டு, தோட்டா விரியாமல் தோற்றுப்போனால், மனசு மாறி வீட்டுக்குப் போய்விடுவாள். ஒரு கொலை மிச்சம். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

"அதைச் சுடாதீங்க டெல்மர்" என்றான் ராய்ஸ் என்னைப் பார்த்து. குரல் கிறீச்சிட்டது. "ரொம்பப் பழைய சரக்கு. கையில வெடிச்சுத் தொலைக்கும்."

"உன்னுதா?"

"இல்லையே."

"அப்புறம் பழசுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

தோட்டாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புத்தம் புதுசு, என் துப்பாக்கிக்குப் பொருந்துகிற அளவுதான்.

கோட்டைக் கட்டிக்கு முன்னால் மாட்டினோம். அவள் பக்கத்தில் வந்து மேல் பொத்தானிலிருந்து கீழ்ப் பொத்தான்வரை ஒவ்வொன்றாகப் போட்டாள். "நெஞ்சுக்கு நேராச் சுடுங்க" என்று சொல்லிவிட்டு எங்களுக்குப் பின்னால் போய் நின்றாள். என் துப்பாக்கிக்கு மட்டும் வரிசையைத் திறந்தேன். சுடும் முன் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறாள் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

சுட்டேன். வரிசை மூடியாச்சு என்றேன். எல்லோரும் கட்டியிடம் போனோம்.

வெண்டல் கத்தியால் கட்டியைப் பிளந்து தோட்டாவை எடுத்தான். முதல் கட்டியிலேயே, பதினாலு அங்குலத்தில் நின்றிருந்தது. இதழ் ஒன்றுகூட மடங்காமல், உடையாமல், முழுசாக விரிந்திருந்தது. இடுக்கில் கொஞ்சம் வெள்ளைப் பஞ்சு. எந்த வருஷமும் இவ்வளவு சுத்தமான முடிவை நாங்கள் பார்த்ததில்லை.

"அடடா" என்றான் வெண்டல், நிலைமையை மறந்து. "பாத்துக்கிட்டே இருக்கலாம்யா." பின்னால் யாரோ கைகூடத் தட்டினான்.

நோரீன் அந்தத் தோட்டாவை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "அப்போ வேலை செய்யும்" என்றாள்.

"செய்யும்மா" என்றேன். என் கணக்கு பொய்த்துவிட்ட எரிச்சல் எனக்கு.

அவள் கோட்டின் பொத்தான்களைக் கழற்றினாள். மடித்து எடுத்துக்கொண்டு போவாள் என்று பார்த்தால், போட்டுக்கொண்டாள். நீளமான கைகளை இரண்டு சுற்று மேலே சுருட்டினாள். சுருட்டிய இடத்தில் துணி வெளுத்துத் தேய்ந்திருந்தது, ஒருநாளில் விழுந்த தேய்மானம் அல்ல. தோள் அவளுக்குக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். பொத்தானைக் கீழிருந்து மேலாகப் போட்டு முடித்தாள். நான் போட்ட துளை அவள் இடது மார்புக்கு நேராக வந்து நின்றது.

கை தட்டியவன் கையைக் கீழே போட்டான்.

"இது என் கோட்டு" என்றாள் நோரீன். "எங்கப்பா போட்டது, அவருக்கப்புறம் மாட்டுக்குத் தீவனம் போடப் போறப்ப நான்தான் போடறேன். போன மாசம் ராய்ஸ் இந்தத் தோட்டாவை என் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்துல நிறுத்தி வச்சான். இது நாலு மடிப்பு ஜீன்ஸையே துளைச்சு வருஷா வருஷம் ஜெயிக்குது, எங்க சங்கமே சாட்சி, நீ வீட்டை விட்டுப் போனேன்னா உன் கோட்டெல்லாம் எம்மாத்திரம்னான்."

நாய் அவள் காலடியில் உட்கார்ந்திருந்தது.

"அந்த ஊதா என் பாட்டில்தான். ஒரு போலீஸ்காரர்கிட்டே சொன்னேன். மேசையில தோட்டா இருக்கறது குத்தமாம்மான்னு கேட்டார். சாட்சி இருக்கான்னார். அவன் சாட்சின்னு சொன்னதே உங்களைத்தானே, அதான் உங்ககிட்டேயே வந்தேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "அவன் பொய் சொல்றானோன்னு ஒரு நப்பாசையும் இருந்துச்சு. இந்தப் பஞ்சுல சிக்கித் தோத்துடாதான்னு."

அவள் உதடு எதற்கு அசைந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நானும் அதே தோட்டா தோற்க வேண்டும் என்றுதானே விரும்பினேன். அவனைக் காப்பாற்ற நான், தன்னைக் காப்பாற்ற அவள். எனக்கு வெட்கமாக இருந்தது. உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்டவன், சந்தேகப்பட வேண்டியவனோடு வருஷக்கணக்காகக் காப்பி குடித்திருக்கிறேன். அவன் ஜெயித்தபோதெல்லாம் கையும் தட்டியிருக்கிறேன்.

"விளையாட்டுக்குச் சொன்னதுய்யா" என்றான் ராய்ஸ். "புருஷன் பொண்டாட்டிக்குள்ளே ஆயிரம் இருக்கும்."

"உனக்கேதுய்யா பொண்டாட்டி" என்றான் வெண்டல்.

ராய்ஸின் முகம் சிவந்தது. விறுவிறுவென்று மேசையை நோக்கி நடந்தான். அவன் துப்பாக்கி மற்றவற்றோடு அங்கேதான் கிடந்தது.

"வரிசை மூடியிருக்கு ராய்ஸ்" என்றேன்.

"என் சாமானை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போறேன்."

"மூடியிருக்குன்னு சொன்னேன்."

அவன் நிற்கவில்லை. ஆனால் வெண்டல் அவனுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தான். அந்தக் கனத்த உடம்பை மேசை விளிம்பில் இறக்கி, துப்பாக்கிகளுக்கு முன்னால் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டான். மேசை முனகியது. மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக வந்து அவனுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ராய்ஸ் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான், ஏதோ திட்டினான், பிறகு தன் வண்டியில் சாய்ந்து நின்றான்.

நான் ஷெரிப் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ஒரு பெண்ணை மிரட்டிய வழக்கு, சாட்சி உண்டு என்றேன். எத்தனை பேர் என்று கேட்டார்கள். சரளைக் குழியில் நிற்கிற அத்தனை பேரும் என்றேன்.

அவர்கள் வரும்வரை நோரீன் என் குடுவையிலிருந்து காப்பி வாங்கிக் குடித்தாள். துளை வழியாகக் குளிர் ஏறியிருக்க வேண்டும், இன்னொரு கையால் அதைப் பொத்திப் பிடித்திருந்தாள். பிளந்த கட்டிகள் அப்படியே கிடந்தன, அந்தப் பக்கம் ஒருவரும் போகவில்லை. ராய்ஸ் இரண்டு முறை என்னைப் பார்த்து, "திறக்கப் போறீங்களா இல்லையா?" என்று கேட்டான்.

அன்று முழுக்க நான் வரிசையைத் திறக்கவே இல்லை.