கடுகு ரிவெட்டும் கப்பல் துருவும்

அலுவலகத்திலிருந்து வந்த வேல்விழி கைப்பையைக்கூடக் கழற்றவில்லை. ஜன்னலோர மேசையில் அவளுடைய நான்கு பொம்மை வண்டிகளும் சாம்பல் நிறத்தில் மொழுமொழுவென்று மின்னின.

"யாரு இதத் தொட்டது?"

வீட்டில் இருந்தது அவள் கணவன் சொரிமுத்து மட்டும்தான். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் துரு சுரண்டிப் பெயிண்ட் அடிக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. அன்றைக்கு லீவு.

"நான்தாம்ளா," என்றான் பெருமையாக. "ஒரே துரு. கப்பல் பெயிண்ட் கொஞ்சம் மிஞ்சிக் கெடந்துச்சு. நல்லாத் தேய்ச்சு ரெண்டு கோட்டு இழுத்துட்டேன். எப்படி?"

"அது துரு இல்ல! நான் வரஞ்சது!"

"ஏளா, துருவ யாராவது வரைவாவளா?"

அவன் நிஜமாகவே கேட்டான். அதுதான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

மாதா கோயில் திருவிழாக் கடையில் வாங்கிய தகரப் பொம்மைகள் அவை. ஒரு பால் வண்டி, ஒரு தீயணைப்பு வண்டி, இரண்டு ஜீப்புகள். இருமல் மருந்து மூடியைக் கொதிகலனாக்கி, பேனாக் குழாயைப் புகைபோக்கியாக்கி, ஓடாத கடிகாரத்தின் பல்சக்கரங்களைப் பதித்து, பெட்ரோலே இல்லாத ஏதோ ஓர் உலகத்தின் நீராவிப் போர்வண்டிகளாக அவற்றை மாற்றியிருந்தாள். ஆறு மாத வேலை. ஞாயிற்றுக்கிழமை மதுரையில் போட்டி. விரல்கணு உயரச் சிப்பாய்களை மேசையில் நிறுத்தி, ஸ்கேலால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள். அவளுக்கு இதுதான் முதல் போட்டி. அரைகுறை வண்டியை மேசையில் ஏற்றவே விடமாட்டார்கள்.

பால் வண்டியைத் தடவிப் பார்த்தாள். "கடுகு எங்க?"

"என்ன கடுகு?"

"ரிவெட்டு ஆணிக்குப் பதிலா ஊசி முனையில எடுத்து ஒவ்வொண்ணா ஒட்டின கடுகு!"

"அதுவா? சொரசொரன்னு இருந்துச்சேன்னு உப்புத்தாள் போட்டு..." அவன் குரல் இறங்கியது. "தெரியாமப் பண்ணிட்டேன்ளா."

"தெரியாமல்லாம் இல்ல. தெரிஞ்சிக்கிடத் தோணல. ஆறு மாசமா இங்கனதான உக்காந்திருக்கேன்? ஒருநாளாவது இது என்னன்னு கேட்டியளா?"



மறுநாள் வெள்ளிக்கிழமை முழுக்க அவள் பேசவில்லை. சாயங்காலம் வேலையிலிருந்து வந்த அவன் டிபன் பாக்ஸை நேராக அவள் மேசையில் கொண்டுவந்து வைத்தான். கழுவப் போடக்கூடத் தெரியாதா என்று வெடுக்கெனத் திறந்தாள். உள்ளே செம்பழுப்புப் பொடி. கப்பலில் சுரண்டிய அசல் துரு.

"சலிச்சிருக்கேன். பசையில குழைச்சுப் பூசு. துரு ரிவெட்டுக்குக் கீழதான் ஒழுகும். நீ மேலயும் வரஞ்சிருந்த."

அவன் சொன்னது சரி. சரியாக இருந்ததாலேயே அவளுக்கு மறுபடி கோபம் வந்தது.

"பேச்சக் கொறச்சுக் கடுக ஒட்டுங்க. ஒண்ணு கோணுச்சு, தொலைச்சிருவேன்."

சனிக்கிழமை மாலைக்குள் மூன்று வண்டிகள் பழைய கோலத்துக்கு வந்தன. தீயணைப்பு வண்டியில் கடுகு மட்டும் ஒட்டி, சாம்பல் நிறத்தை அப்படியே விட்டிருந்தாள். அதன் பக்கவாட்டில் துருவைக் குழைத்து எழுதியிருந்த பெயரை அவன் எழுத்துக்கூட்டிப் படித்தான். சொரிமுத்து.

"என் பேரா?"

"படையில புதுசாச் சேந்த வண்டி. ஒண்ணும் தெரியாது, எல்லாத்துலயும் கைய மட்டும் வைக்கும். நாளைக்கு இததான் முன்னால அனுப்பி முதல்ல வெடிக்க விடப்போறேன்."

"வெடிச்சாவது கோவம் போயிருமா?"

"எத்தன துண்டாச்சுன்னு பாத்துட்டுச் சொல்லுதேன்," என்றாள் வேல்விழி.